கடலோர வீட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கறள் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பில் கல்லடியிலும் நாவலடியிலும் பல்கனிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைபிடி போட்டவர்கள் கொஞ்ச நாளில் கேட்பது ஒரே கேள்வி: "இது கறள் பிடிக்காது எண்டுதானே தந்தாங்க?" பிடிக்கும். இந்த உலோகத்தில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக மேலே படிகிறது. இரும்பைக் காப்பது அந்தப் படலம்தான். உப்பிலுள்ள குளோரைட் அதைத் துளைத்துவிடும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி என்று வாழ்கிற நமக்கு உப்புக்குப் பஞ்சமில்லை.

கேற், பல்கனிக் கைபிடி, படிக்கட்டுக் கம்பி, தண்ணீர்த் தாங்கியின் மூடி, படகுக் கொக்கி எல்லாவற்றுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும். கறளை உரஞ்சி எடுப்பது இதில் சின்ன வேலை. அதற்கு முன் உப்பை எடுப்பதும், அதற்குப் பின் மேற்பரப்பில் தங்கிய இரும்பை எடுப்பதும்தான் பெரிய வேலை. புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவிலுள்ளதை மட்டும் செய்கிறார்கள். ஒரு மாரி முடிவதற்குள் கறள் திரும்பி வந்து நிற்கும்.

1. எந்தக் கறள் என்று முதலில் பாருங்கள்

ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, வெயில் வெளிச்சத்தில் கிட்ட நின்று பாருங்கள். எந்தக் கறள் என்று தெரியாமல் கை வைத்தால் லேசான கறைக்குக் கடும் மருந்தும், கடும் கறளுக்கு வெறும் சவர்க்காரமும் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பரவலாக, தேத்தண்ணி சிந்திக் காய்ந்தது போலப் பழுப்பாக இருந்தால் அது மேலோட்டமான கறை. கடற்கரையிலிருந்து சில கிலோமீற்றருக்குள் இது சாதாரணம். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் உலோகத்தின் பலம் போகாது. முழுதாக எடுத்துவிடலாம்.

செம்மஞ்சள் புள்ளிகள் ஒரு பக்கம் மட்டும் தெறித்தாற்போல் இருந்தால், கிட்டடியில் யாரோ சாதாரண இரும்பைக் கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பொறி வந்து ஒட்டிக் கறளாகியிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கேற் வேலையில் பறந்த பொறிகூட இதற்குப் போதும்.

கறள் ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும் சுற்றியிருந்தால் அது வெல்டிங் செய்தவர் விட்ட வேலை. அதற்குத் தனியாக ஏழாவது படி இருக்கிறது. கறளின் கீழே ஊசி நுனி போகிற அளவு குழி இருந்தால் உலோகமே தின்னப்பட்டிருக்கிறது. எட்டாவது படியைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கறள் உண்மையில் எங்கிருந்து வருகிறது? கம்பியின் மேலே ஒரு சாதாரண இரும்புத் திருகாணி இருந்து, அதிலிருந்து மழைத் தண்ணீர் வழிந்து கோடு விழுந்திருக்கலாம். திருகாணியை மாற்றாமல் கம்பியை எத்தனை தரம் தேய்த்தாலும் வீண்.

காந்தம் பற்றி ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சாமான் என்று கடையில் காட்டுவார்கள். அது போதாது. மலிவான 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்திருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் உப்புக் காற்றுக்கு அது, பரவலாகப் பாவிக்கிற 304 ரகம் அளவுக்குத் தாங்காது. நல்ல 304 கூட வளைத்த இடத்தில் கொஞ்சம் காந்தத்தை இழுக்கும். கடலோரத்துக்கு ஏற்றது 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் இருப்பதால் குளோரைட்டை நன்றாக எதிர்த்து நிற்கும். காந்தத்தால் 304 எது, 316 எது என்று பிரிக்கவே முடியாது.

காந்தம் பலமாக ஒட்டி, மேல்தோல் கொப்புளமாகி உரிந்தால் அது பெரும்பாலும் குரோம் முலாம் பூசிய சாதாரண இரும்பு. இந்த வழிகாட்டி அதற்கு உதவாது. அமிலம் பட்டால் இன்னும் மோசமாகும்.

2. சாமான்களைச் சேர்த்து வையுங்கள்

முதல் சாமான் நல்ல தண்ணீர். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். உப்பை எடுக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் பிழை. ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். தடிப்பான வெள்ளைத் தடம் விழுந்தால் அந்தத் தண்ணீரைக் கடைசிக் கழுவலுக்கு எடுக்காதீர்கள். வாளியில் மஞ்சள் கறை பிடிக்கிற கிணறு என்றால் இரும்பும் இருக்கிறது, அதையும் விடுங்கள். குழாய்த் தண்ணீர் நல்லது, பீலியில் பிடித்த மழைத் தண்ணீர் அதைவிட நல்லது.

அடுத்தது மணமோ குளோரினோ சேராத சாதாரண பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான நைலோன் பிரஷ், பழைய பருத்தித் துணிகள், வெள்ளை நிற நைலோன் பஞ்சு. பச்சைப் பஞ்சு கீறும், அதைக் கண்ணாடிப் பளபளப்புள்ள கம்பியில் தொடவே கூடாது.

மருந்துக்குச் சிற்றிக் அமிலத் தூள். கேக் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடும் கறளுக்கு ஒக்சாலிக் அமிலத் தூள். இது நஞ்சு. சமையலறையில் வைக்காதீர்கள், சோடாப் போத்தலில் கரைத்து வைக்கவே வைக்காதீர்கள். கடைசியில் அமிலத்தை அடக்க அப்பச்சோடா. கைக்கு ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. தரையை மூட அகலமான பொலித்தீன்.

இனி, ஒதுக்கி வைக்க வேண்டியவை.

இரும்புக் கம்பிப் பஞ்சும் கம்பி பிரஷும் வேண்டாம். தேய்க்கும்போது பளபளக்கும், ஆனால் அவற்றின் இரும்புத் துகள் ஸ்டெயின்லெஸ் மேல் ஒட்டி, அடுத்த ஈரத்தில் புதுக் கறளாகும். வேறு இரும்பில் பாவித்த சாண்ட் பேப்பரும் கிரைண்டர் தட்டும் அப்படித்தான்.

டைல்ஸ் பதித்த பின் மேசன்மார் பூச்சுக் கறை எடுக்கும் அசிட் ஐதரோகுளோரிக் அமிலம். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அதுவே இருக்கிறது. கறள் கண் முன்னே மறைவதால் ஆட்களுக்கு அதில் ஆசை. ஆனால் அது குளோரைட்டை நேரே உலோகத்துக்குள் ஏற்றிக் குழி விழுத்தும். வெளுக்கும் திரவமும் அதே மாதிரி கெடுக்கும். அதை அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயுவும் கிளம்பும்.

தேசிக்காயும் உப்பும் சேர்த்துத் தேய்ப்பது பித்தளை விளக்குக்குச் சரி. இங்கே அந்த உப்புதான் எதிரி. பழம்புளியும் உப்புப் போட்டு வைத்ததாக இருக்கும் என்பதால் அதையும் விடுங்கள்.

3. நேரம் பாருங்கள்

காலையில் வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். சுட்ட கம்பியில் அமிலம் ஊற்றினால் வேலை செய்யுமுன் காய்ந்து, திட்டுத் திட்டாக அடையாளம் விடும். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் துணியைப் பிழிந்து திரும்புவதற்குள் கம்பி காய்ந்துவிடும், அந்த நாட்களில் இன்னும் நேரத்தோடு இறங்க வேண்டும்.

பின்னேரம் கடற்காற்று எழும்பி உப்பைக் கொண்டு வரும். அதற்கு முன் கழுவித் துடைத்து முடிகிற அளவு நீளத்தை மட்டும் ஒரு நாளில் எடுங்கள். முழுக் கைபிடியையும் ஒரே நாளில் பிடித்து, பாதியில் விட்டவர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பாகும்.

4. உப்பைக் கழுவுங்கள்

கறளைத் தொடாதீர்கள், முதலில் கழுவுங்கள். உப்பும் மணலும் மேலே இருக்கத் தேய்த்தால் மணல் கீறும், அந்தக் கீறலுக்குள் உப்பு இறங்கும்.

மேலிருந்து கீழாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் துணி தோய்த்துத் துடைத்து, மறுபடி தண்ணீர். ஒரு தரம் போதாது. காய்ந்த உப்பு மடிப்புகளில் பாறை போல இருக்கும்.

கவனிக்க வேண்டிய இடங்கள் கண்ணுக்கு எட்டாதவை. கம்பத்தின் அடியில் தரையை மறைக்கிற வட்ட மூடியைத் தூக்கிப் பாருங்கள். அதற்குள் உப்புச் சேறு இருக்கும். ஒடுங்கிய இடுக்கில் காற்றுப் போகாததால் உடைந்த படலம் திரும்ப உருவாகாது, கறள் அங்கேதான் ஆழமாகப் போகும். கைபிடியின் அடிப்பக்கம், திருகாணித் தலையின் சுற்று, இரண்டு குழாய் சந்திக்கும் மூலை எல்லாவற்றையும் பழைய பற்தூரிகையால் கிளறிக் கழுவுங்கள்.

இன்னொரு விசயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். மழையில் நனையும் கேற்றை விட, கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கும் பல்கனிக் கம்பி அதிகமாகக் கறள் பிடிக்கும். மாரி மழை கேற்றை இலவசமாகக் கழுவிக் கொடுக்கிறது, தாழ்வாரத்துக்குள் உப்பு மட்டும்தான் வருகிறது. ஆகவே மறைவான இடத்துக்கு அதிக நேரம் கொடுங்கள்.

சில வீடுகளில் இந்தப் படியோடேயே பாதிக் கறை போய்விடும். அப்படிப் போனால் மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

5. மறைவான ஓரிடத்தில் சோதியுங்கள்

கைபிடியின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்தில், ஆறாவது படியில் சொல்லும் சிற்றிக் அமிலக் கரைசலைப் பூசி, 15 நிமிடம் பொறுத்துக் கழுவிப் பாருங்கள். மங்கினாலோ நிறம் மாறினாலோ நிறுத்துங்கள். அது முலாமாகவோ, மேலே தெளிவான வார்னிஷ் பூசியதாகவோ இருக்கலாம். வார்னிஷ் இருந்தால் அதை முதலில் எடுக்காமல் உள்ளே எதுவும் போகாது.

அதோடு மேற்பரப்பில் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான கைபிடிகளில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் இருக்கும். இனி எதைத் தேய்த்தாலும் அந்தக் கோட்டின் திசையில் மட்டும். குறுக்கே அல்லது வட்டமாகத் தேய்த்த அடையாளம் தூரத்திலிருந்தே தெரியும், அதுமட்டுமல்ல, கரடான பரப்பில் உப்பு இன்னும் இறுகத் தங்கும்.

6. கறளை எடுங்கள்

எப்போதும் மெல்லிய மருந்திலிருந்து கடுமையானதுக்குப் போங்கள். எடுத்த எடுப்பில் கடும் மருந்து போட்டால் எது போதுமாக இருந்திருக்கும் என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் சிற்றிக் அமிலம். 1 லீற்றர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 100 கிராம் தூள். பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். கீழே சீமெந்துத் தரையோ மாபிளோ இருந்தால் பொலித்தீன் விரித்து, தரையையும் முதலே நனைத்து விடுங்கள், அமிலம் அதைத் தின்னும். துணியைத் தோய்த்துக் கம்பியில் சுற்றுங்கள். மேலே பொலித்தீனும் சுற்றினால் காயாது. 20 நிமிடம் கழித்துப் பிரித்து, வெள்ளைப் பஞ்சால் வரியோடு உரஞ்சிக் கழுவுங்கள். பழுப்புக் கறைக்கு இது பெரும்பாலும் போதும்.

போகாத புள்ளிகளுக்கு ஒக்சாலிக் அமிலம். 1 லீற்றருக்கு 50 கிராம். கண்ணாடியும் கையுறையும் போட்ட பிறகுதான் போத்தலைத் திறக்க வேண்டும், தூள் மூக்குக்குள் போகக் கூடாது. சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் வெள்ளையாகக் கலங்கி, கம்பியில் மாவு போலப் படியும். நல்ல தண்ணீரில் மட்டும் கரையுங்கள். 10 முதல் 15 நிமிடத்தில் கறள் கரைந்து, வழியும் நீர் மஞ்சளாகத் தெரியும். அது வேலை நடக்கிறதற்கு அடையாளம். காயவிடாமல் கழுவுங்கள்.

அதற்கும் மசியாத இடத்தில்தான் சாண்ட் பேப்பர். புதிய தாள், 320 ஆம் இலக்கத்திலிருந்து 400, பிறகு 600 (இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மை). வரியின் திசையில், கையால். மிஷின் வைத்தால் சூடேறி நிறம் மாறும், குழியும் விழும். கரட்டுத் தாளோடு நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும், ஆனால் உப்புக்குக் கூடு கட்டிக் கொடுத்த மாதிரி. 600 வரை போகாவிட்டால் தொடங்காமலே விடலாம்.

7. ஒட்டுப் போட்ட இடம்

வெல்டிங் சூட்டில் ஒட்டைச் சுற்றி நீலம், ஊதா, பழுப்பு என்று நிறம் ஏறும். அந்த நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. காப்புப் படலம் அங்கே பலவீனம். அதனால் கறள் எப்போதும் அங்கிருந்தே தொடங்கும்.

நிறம் முழுதாகப் போகும்வரை சாண்ட் பேப்பரால் எடுத்து, 600 வரை மென்மையாக்கி, ஒன்பதாவது படியின் சிற்றிக் அமிலத்தைக் கட்டாயம் போடுங்கள். பட்டறைகளில் இதற்கு ஒரு பசை இருக்கிறது. நைத்திரிக் அமிலமும் ஐதரோபுளோரிக் அமிலமும் சேர்ந்தது. நன்றாக வேலை செய்யும், ஆனால் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். ஐதரோபுளோரிக் அமிலம் தோலில் பட்ட உடனே வலி தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை கெடுக்கும். பழகியவர் பாதுகாப்போடு செய்யட்டும்.

புதுக் கைபிடி போடுகிறவர்கள் வேலையை ஏற்கும்போதே ஒட்டுகளைப் பாருங்கள். நிறம் இருந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். காசு கொடுத்த பிறகு கேட்பது கஷ்டம்.

8. குழி விழுந்திருந்தால்

குழிக்குள் உப்பு அமிலமாகி நிற்கும். மேலே பொலிஷ் பண்ணி மூடினால் உள்ளே தின்பது நிற்காது. குழியின் அடி தெரியும்வரை தேய்த்து எடுத்து, கழுவி, சிற்றிக் அமிலத்தைப் பஞ்சில் வைத்து உள்ளே நிறுத்துங்கள்.

கம்பத்தின் அடியில் குழி இருந்தால் வேறு கதை. அது பாரம் தாங்கும் இடம். ஆணியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே போனாலோ, கம்பத்தைப் பிடித்து ஆட்டும்போது அசைந்தாலோ அதைச் சுத்தம் பண்ணி நேரத்தை வீணாக்காமல் மாற்றுங்கள். பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் பல்கனி அது.

9. காப்புப் படலத்தைத் திரும்ப வரவையுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் படி இது. கறள் போய்விட்டது, கம்பி மினுங்குகிறது, இன்னும் என்ன என்று கேட்பார்கள். தேய்த்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் இன்னும் இருக்கிறது. சிற்றிக் அமிலம் அதைக் கரைத்தெடுக்கும், குரோமியத்தைத் தொடாது. பிறகு காற்றுப் பட்டதும் படலம் தானாக வளரும்.

மறுபடி புதிதாகக் கரையுங்கள். முன்னர் பாவித்ததில் இரும்பு இருக்கும். அதே 100 கிராம் கணக்கு. கறள் இருந்த இடம் மட்டும் என்றில்லாமல், தேய்த்த பகுதி முழுவதும் ஈரத்துணி சுற்றி, குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் முக்கால் மணித்தியாலம் வைத்திருங்கள். குளிர்நாடுகளில் கரைசலைச் சூடாக்குவார்கள், நமது 30 பாகைச் சூட்டுக்கு அது தேவையில்லை. துணி காய்ந்தால் மேலும் ஊற்றுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அமிலம் உலோகத்தைத் தொடாது. கை ரேகை போதும் கெடுக்க. அதனால் இந்தப் படிக்கு முன் ஒரு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவி, தண்ணீர் துளித்துளியாகத் திரளாமல் ஒரே தாளாகப் பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் சுத்தம்.

10. கழுவி, துடைத்து, ஒரு நாள் பாருங்கள்

நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு 1 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, இடுக்குகளில் ஊற்றினால் மிஞ்சிய அமிலம் அடங்கும். அதன் பின் மழைத் தண்ணீராலோ குழாய்த் தண்ணீராலோ கடைசிக் கழுவல்.

வெயிலில் தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். தண்ணீரில் இருந்ததெல்லாம் கம்பியிலேயே தங்கும். காய்ந்த துணியால் துடையுங்கள், இடுக்குகளைக் கிழித்த துணி நுழைத்து ஒற்றி எடுங்கள்.

அடுத்த நாள் நல்ல தண்ணீர் தெளித்துக் காயவிட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். செம்புள்ளி எழும்பினால் அங்கே இரும்பு மிச்சம். அந்த இடத்துக்கு மட்டும் ஒன்பதாவது படியைத் திருப்பிச் செய்யுங்கள். எழும்பாவிட்டால் சரி.

11. பிறகு

மாதம் ஒரு தரம் சவர்க்காரத் தண்ணீரும் நல்ல தண்ணீரும். கடலைப் பார்த்திருக்கும் வீடென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம். மழையில்லாத மாதங்களில் இதைத் தள்ளிப்போடாதீர்கள், அப்போதுதான் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் மினுங்கும், பிறகு பிசுபிசுத்துத் தூசியையும் உப்பையும் பிடித்து வைக்கும். காருக்குப் பூசும் மெழுகு மெல்லியதாகப் பூசலாம். வார்னிஷ் வேண்டாம், ஓரிடத்தில் உரிந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து, அதற்குக் கீழேயே கறள் ஓடும்.

12. கத்தியும் படகுச் சாமானும்

சமையல் கத்தியின் உருக்கு வேறு. கூர் நிற்க வேண்டுமென்று காபன் கூட்டியிருப்பார்கள், அதனால் கறளுக்குக் கொஞ்சம் இளகிய இனம். அமிலத்தில் ஊறவைக்காதீர்கள். அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்து, கழுவி, உடனே துடைத்தால் போதும். ஒக்சாலிக் அமிலத்தைச் சாப்பாட்டுச் சாமானில் பாவிக்கவே வேண்டாம்.

வாழைச்சேனையிலும் கல்முனையிலும் பைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கடலில் இருந்து வந்ததும் கொக்கி, வளையம், எஞ்சின் பிடித்திருக்கும் போல்ட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் கழுவுவது மேலே சொன்ன பாதி வேலையைக் குறைக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்குச் சாதாரண இரும்பு நட் போடாதீர்கள், இரண்டும் உப்புத் தண்ணீரில் சேரும்போது நட் வேகமாகக் கரையும்.

பாரம் இழுக்கும் வளையத்திலோ கம்பிக் கயிற்றிலோ குழியோ, அறுந்த இழையோ கண்டால் தேய்க்க வேண்டாம். வெளியே மினுங்கினாலும் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள், வாங்கும்போது 316 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.